ஒயில் மாற்றும் நாளும் வாரண்டிப் புத்தகமும்



வேலையில் இருந்து நின்ற பிறகு கைக்கு வருகின்ற ஊழியர் சேமலாப நிதிப் பணம் நம்மவர் வீடுகளில் பெரும்பாலும் மூன்று வழியில்தான் போகின்றது. மகளுக்குக் கல்யாணம், லயத்தோடு சேர்த்து ஒரு அறை, இல்லையென்றால் மகனுக்கு ஒரு ஓட்டோ. முதல் இரண்டையும் பற்றிப் புத்தி சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்றாவதைப் பற்றி, அதிலும் வன்னியில் இருக்கின்ற நம் பிள்ளைகளின் வண்டிகளைப் பற்றி, இம்முறை கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டியிருக்கின்றது.

தேயிலைத் தோட்டத்துப் பத்திரிகையில் வன்னிக்கு என்ன வேலை என்று கேட்க வேண்டாம். எழுபதுகளில் வந்த பஞ்சத்திலும், 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகும் மலைநாட்டை விட்டுக் கிளம்பி வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள் நம் சொந்தக்காரர்கள்தான். தருமபுரம், மலையாளபுரம், பாரதிபுரம் என்று பேர் சொன்னால் அங்கே மாமா இருக்கிறார், சின்னம்மா இருக்கிறார் என்று சொல்லாத லயம் குறைவு. இங்கே கொழுந்தெடுத்த தாயின் பணத்தில் அங்கே ஒரு ஓட்டோ ஓடுவது புதுமை இல்லை. 2009 மே மாதம் யுத்தம் முடிந்து, ஏ9 வீதியும் திறந்த பிறகு, லீசிங் கம்பனிகள் ஒன்றன்பின் ஒன்றாக வன்னிக்குப் போயின. ஓட்டோ, மோட்டார் சைக்கிள், கைப்பிடி உழவு இயந்திரம் எல்லாமே தவணைக்குக் கிடைத்தன. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி முதல் மறுபடி திறந்து விட்டதால், ஷோரூமில் புது வண்டி எடுக்கின்ற ஆசை திரும்பவும் வந்திருக்கின்றது.

புது வண்டியோடு ஒரு சின்னப் புத்தகம் தருவார்கள். அதைப் பொலித்தீன் பையில் சுற்றி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்து விடுகிறோம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகின்றது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாய் ஓய்வு பெற்ற பணத்தை முற்பணமாகக் கட்டி, மிச்சத்தை லீசிங்கில் போட்டு மகனுக்கு ஓட்டோ எடுத்துக் கொடுத்தார். பையன் நல்ல உழைப்பாளி. பதினோராவது மாதம் மாங்குளத்துக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஹயர் போகும்போது எஞ்சின் பிடித்துக்கொண்டது, அதாவது சீஸ் ஆகி நின்று விட்டது. வாரண்டி இருக்கின்றதே என்று வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு ஏஜென்டிடம் போனான். அவர்கள் முதலில் கேட்டது புத்தகத்தை. முதல் இரண்டு சேர்விஸுக்கு முத்திரை இருந்தது. அதற்குப் பிறகு வெறும் பக்கங்கள். "ஒயில் மாற்றினேன் சேர், நாலு தரம் மாற்றினேன்" என்கிறான் பையன். அது பொய்யில்லை. சந்திக் கராஜில் மாற்றியிருக்கிறான், காசும் கொடுத்திருக்கிறான். ஆனால் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. வாரண்டி இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுப்பி விட்டார்கள். எஞ்சின் வேலைக்குத் தாயின் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. வண்டி கராஜில் கிடந்த நாட்களிலும் லீசிங் தவணை நிற்கவில்லை.

பையன் செய்ய வேண்டிய வேலையைச் செய்தான், அதற்கான எழுத்தை மட்டும் வைத்திருக்கவில்லை. ஒயில் மாற்றுவது எஞ்சினைக் காப்பாற்றும். மாற்றியதற்கான சாட்சிதான் வாரண்டியைக் காப்பாற்றும். இரண்டும் இரண்டு வேலை.

ஒயில் உள்ளே என்ன செய்கின்றது?

நான் மெக்கானிக் இல்லை. ஆனாலும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். எஞ்சினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் இடையில் ஒரு மெல்லிய படலமாக நிற்பது ஒயில். அது மட்டும் இல்லை. சூட்டை வாங்கி வெளியே கொண்டுபோகின்றது. கரியையும் இரும்புத் தூளையும் தன்னோடு சுமக்கின்றது. துரு பிடிக்காமல் தடுக்க, அழுக்குத் திரண்டு போகாமல் இருக்க என்று அதில் சில மருந்துகள் கலந்திருக்கின்றன. ஓட ஓட அந்த மருந்து தீர்ந்து விடும். தீர்ந்த பிறகு ஒயில் இருக்கும், ஆனால் வேலை செய்யாது. கொழுந்துக் கூடை நிறைந்த பிறகு அதற்குள் இன்னும் அமுக்கி அமுக்கிப் போட்டால் கொழுந்து சூடேறிச் சிவந்து போகின்ற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கார் எஞ்சினில் மூன்று நான்கு லீற்றர் ஒயில் இருக்கும். மோட்டார் சைக்கிளில் சுமாராக ஒரு லீற்றர்தான். அந்த ஒரு லீற்றர்தான் அத்தனை கரியையும் சுமக்க வேண்டும். அத்தோடு பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளச்சும் கியரும் அதே ஒயிலில்தான் முழுகிக் கிடக்கின்றன. ஆகவேதான் கார்க்காரர் சொல்கின்ற கணக்கைச் சின்ன வண்டிக்குப் போடக்கூடாது. கார் ஒயிலை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றினால் சில வேளை கிளச் வழுக்கவும் செய்யும். கேனில் "ஜாசோ எம்ஏ" என்ற குறி இருக்கின்றதா என்று பாருங்கள். அது ஈரக் கிளச் உள்ள மோட்டார் சைக்கிளுக்கென்று யப்பான்காரர் வைத்த தரம். "20டபிள்யூ-50" என்று போட்டிருப்பது தடிப்பின் கணக்கு. முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது சூட்டில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதற்கு. புத்தகத்தில் எந்த எண் இருக்கின்றதோ அதே எண்தான் வேண்டும். "இதுதான் எல்லாரும் போடுறது" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது வேறாக இருந்தால் வாங்க வேண்டாம்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோக்களில் இந்தத் தலைவலி இருக்கவில்லை. பெற்றோலோடு ஒயில் கலந்து ஊற்றுவார்கள், அது எரிந்து புகையாகப் போய் விடும், மாற்றுவதற்கென்று ஒன்றும் மிஞ்சாது. 2008 இல் அவற்றின் இறக்குமதி நின்று, நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள் மட்டும் வரத் தொடங்கின. அப்பா ஓட்டிய காலத்துப் பழக்கத்தில் மகனும் "பெற்றோல் அடித்தால் போதும்" என்று இருந்தால் எஞ்சின் தாங்காது.

கறுத்த ஒயில் எல்லாம் கெட்ட ஒயில் என்றும் நினைக்க வேண்டாம். டீசல் எஞ்சினில் புது ஒயில் ஊற்றிச் சில மணித்தியாலத்திலேயே கறுத்து விடும். கரியை ஒயில் பிடித்து வைத்திருக்கின்றது என்றுதான் அதற்கு அர்த்தம். நிறத்தைப் பார்த்து நாள் குறிக்க முடியாது. மீற்றரையும் கலண்டரையும் பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

எத்தனை கிலோமீற்றருக்கு ஒரு தரம்?

எல்லாரும் கேட்கின்ற கேள்வி இது. எல்லா வண்டிக்கும் பொதுவான ஒரே எண் கிடையாது. கவ்வாத்துக்கும் அப்படித்தானே? நுவரெலியாப் பக்கத்து உயர்ந்த தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி நான்கைந்து வருடம் விடலாம். இரத்தினபுரி, காலிப் பக்கத்தில் அவ்வளவு காலம் விட முடியாது. செடி ஒன்றுதான், இடம் வேறு. வண்டிக்கும் இடத்தைப் பொறுத்துத்தான் கணக்கு.

பல இந்திய மோட்டார் சைக்கிள்களின் புத்தகத்தில் முதல் சேர்விஸ் 500 முதல் 750 கிலோமீற்றருக்குள் என்று இருக்கும். இதை ஒருபோதும் தவற விடக்கூடாது. புது எஞ்சினில் இரும்புத் துண்டுகள் ஒன்றுக்கொன்று பழகும்போது தூள் உதிரும். அந்தத் தூள் முதல் ஒயிலோடு வெளியேறிவிட வேண்டும். அதற்குப் பிறகு வண்டியைப் பொறுத்து எண் மாறும். சேர்விஸ் நிலையங்களில் கதவிலோ கண்ணாடியிலோ தொங்க விடுகின்ற "அடுத்த சேர்விஸ் 5000" என்ற அட்டையை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது நன்றாகப் போட்ட வீதியில் சும்மா போய் வருகின்ற காருக்கு உரிய கணக்கு. அமெரிக்காவில் ஒரு காலத்தில் 3000 மைலுக்கு ஒரு தரம், அதாவது ஏறக்குறைய 4800 கிலோமீற்றருக்கு ஒரு தரம் மாற்றுவது வழக்கமாக இருந்தது. இப்போது அங்கே பல கார்களுக்கு 5000 முதல் 10,000 மைல் வரை விடலாம் என்று கம்பனிகளே எழுதுகின்றன. எஞ்சினும் திருந்தி விட்டது, ஒயிலும் திருந்தி விட்டது. ஆனால் அந்தக் கதையைப் படித்து விட்டு, ஒரு லீற்றர் ஒயிலோடு கிரவல் ரோட்டில் நாலு பேரையும் இரண்டு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஓடுகின்ற நம் ஓட்டோவுக்கு அதே கணக்கைப் போடுவது முட்டாள்தனம்.

வாகனப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் "கடினமான பாவனை" என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. தூசி வீதி, அதிக பாரம், செங்குத்தான ஏற்றம், அடிக்கடி நின்று நின்று ஓடுவது, எஞ்சின் சூடாவதற்கு முன்பே முடிந்து விடுகின்ற குறுந்தூர ஓட்டம் ஆகியவை அதில் இருக்கும். இவற்றில் ஒன்று இருந்தாலும் முன்கூட்டியே ஒயில் மாற்ற வேண்டும் என்று எழுதியிருக்கும். சில கம்பனிகள் பாதித் தூரம் என்றே போட்டிருக்கின்றன. வன்னிக்குத் தூசியும் வெயிலும் பாரமும் பொருந்தும். மலைக்கு ஏற்றமும் குளிரும் குறுந்தூரமும் பொருந்தும். ஆகவே நம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அந்தப் பகுதிக்குள்தான் வருகிறார்கள்.

லயத்திலிருந்து டவுனுக்கு நாலு கிலோமீற்றர் மட்டும் போய் வருகின்ற வண்டியின் ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். உள்பக்கம் பால் தேத்தண்ணி நிறத்தில் கூழ் மாதிரி ஒட்டியிருந்தால் அது தண்ணீர். எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் உள்ளே படிகின்ற ஈரம் ஆவியாகும். அதனால்தான் புத்தகத்தில் கிலோமீற்றரோடு மாதமும் போடுகிறார்கள். ஓடாமல் நின்றாலும் ஒயிலுக்கு வயதாகின்றது. 2022 இல் பெற்றோல் இல்லாமல் நாட்கணக்காக நின்ற வண்டிகளுக்கு இது நடந்தது. மீற்றர் ஏறவில்லையே என்று ஒயிலை அப்படியே விட்டவர்கள் இருக்கிறார்கள்.

"கிலோமீற்றர் அல்லது மாதம், எது முதலில் வருகின்றதோ அது" என்ற வரியைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹயர் ஓடுகின்ற ஓட்டோ ஒரு நாளைக்கு 80 கிலோமீற்றர் ஓடுகின்றது, மாதத்தில் 25 நாள் ஓடுகின்றது என்றால் மாதம் 2000 கிலோமீற்றர். ஒரு உதாரணத்துக்கு, வாரண்டி இரண்டு வருடம் அல்லது 30,000 கிலோமீற்றர் என்று வைத்துக்கொண்டால், அந்த ஓட்டோவுக்கு வாரண்டி பதினைந்து மாதத்தில் முடிந்து விடும். இரண்டு வருடம் இருக்கின்றது என்று நினைத்துக்கொண்டு பதினாறாவது மாதம் போய் நின்றால் பயன் இல்லை. கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் போகின்ற மோட்டார் சைக்கிளுக்கு இதே கணக்கு எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். மீற்றரில் 4000 கூட ஆகியிருக்காது, ஆனால் சேர்விஸ் நாள் கடந்து போயிருக்கும்.

மண்ணெண்ணெய்க் காலம்

ஒயிலைப் பற்றி வன்னிக்காரருக்கு நாம் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அவர்கள் பட்டுத் தெரிந்தவர்கள். 1990 இல் இருந்து 2002 தொடக்கம் வரை பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் பெற்றோல் வன்னிக்குள் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. மோட்டார் சைக்கிள், கார், தண்ணீர் இறைக்கின்ற மெசின் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. சின்னப் போத்தலில் பத்திரமாக வைத்திருக்கின்ற சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் வீதியெல்லாம் இருக்கும்.

அந்தக் காலத்தில் இருந்தே கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கின்ற ஒரு பெரியவரிடம் நான் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, அப்ப ஒரு அதிசயம் நடக்கும். ஒயில் குச்சியை இழுத்துப் பார்த்தா ஒயில் குறையாது, கூடியிருக்கும். புதுசா ஓட்டினவங்கள் சந்தோசப்படுவாங்கள். கூடினது ஒயில் இல்லை, மண்ணெண்ணெய்."

அதன் காரணம் இதுதான். மண்ணெண்ணெய் பெற்றோல் மாதிரி லேசில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சுகின்ற துளிகள் பிஸ்டன் ரிங்கின் ஓரமாக வழிந்து கீழே ஒயிலோடு கலந்து விடும். கஞ்சியில் தண்ணீர் விட்ட மாதிரி ஒயில் இளகிப் போகும். இளகிய ஒயில் சூட்டில் படலமாக நிற்காது, இரும்பு இரும்போடு உரசும். ஆகவே மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிக்கு ஒயிலை நாள் பொறுக்காமல் மாற்ற வேண்டும். ஆனால் அந்த நாட்களில் ஒயிலும் கிடைக்காது. வடித்து வடித்துத் திரும்ப ஊற்றியவர்களும் உண்டு. எத்தனை எஞ்சின்கள் அதில் போயின என்று பெரியவர் கை விரித்துக் காட்டினார்.

தடை போய் விட்டது, ஆனால் கலப்படம் போகவில்லை. 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபா. அந்த நேரம் பெற்றோல் 400 ரூபாவுக்கு மேல். அப்போது கலக்க ஆசை வராமல் இருக்குமா? அந்த மாதம் மண்ணெண்ணெய் 340 ரூபாவாக ஏறிய பிறகு ஆசை குறைந்திருக்கின்றது. ஆனால் சந்தியில் போத்தலில் விற்கின்ற பெற்றோலில் என்ன இருக்கின்றது என்று வாங்குகின்றவருக்குத் தெரியாது. கலப்பட எரிபொருள் பாவித்தால் வாரண்டி இல்லை என்பது வாரண்டிப் புத்தகங்களில் வழக்கமாக இருக்கின்ற வரி. எஞ்சினைக் கழற்றிப் பார்க்கின்றவர்களுக்கு அது லேசில் தெரிந்து விடும். குச்சியில் ஒயில் அளவு தானாகக் கூடியிருந்தாலும், பெற்றோல் வாடை அடித்தாலும், ஓட்டாமல் உடனே காட்டுங்கள்.

வாரண்டி என்றால் என்ன, எது இல்லை

வாரண்டி இன்சூரன்ஸ் இல்லை. இன்சூரன்ஸ் விபத்துக்கு. எஞ்சின் தேய்ந்து நின்றால் இன்சூரன்ஸ்காரர் வர மாட்டார். லீசிங் கம்பனியும் வராது. புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று அவர்கள் பெயர் இருந்தாலும், வண்டி நின்றதற்காகத் தவணையை நிறுத்த மாட்டார்கள். வாரண்டி என்பது விற்றவர் அல்லது தயாரித்தவர் கொடுத்த ஒரு வாக்கு. இன்ன காலத்துக்குள், இன்ன பகுதி, செய்த இடத்துக் குறையால் பழுதானால், நாங்கள் திருத்தித் தருவோம் என்கின்ற வாக்கு. அதற்கு உங்கள் பக்கத்திலும் நிபந்தனைகள் இருக்கின்றன. நிபந்தனையை நீங்கள் காப்பாற்றினேன் என்று காட்ட முடிந்தால்தான் அவர்களின் வாக்கைக் கேட்க முடியும்.

பிளக், பில்டர், பிரேக் சூ, கேபிள் மாதிரித் தேய்கின்ற சாமான்கள் வழக்கமாக வாரண்டிக்குள் வராது. இலவச சேர்விஸ் கூப்பன் என்றாலும் கூலிதான் இலவசம், ஒயிலுக்கும் பில்டருக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். "இலவசம் என்று சொல்லிக் காசு கேட்கிறான்" என்று கோபித்துக்கொண்டு அந்தக் கூப்பனைக் கிழித்துப் போட்டு விட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். அந்தக் கூப்பன்தான் அவருடைய சாட்சி.

சந்தி கராஜில் ஒயில் மாற்றினால் வாரண்டி போய் விடுமா? அமெரிக்காவில் 1975 இல் ஒரு சட்டம் வந்தது. கம்பனியின் சொந்த இடத்தில்தான் சேர்விஸ் செய்ய வேண்டும், கம்பனி ஒயில்தான் போட வேண்டும் என்று, இலவசமாகத் தராமல் வாடிக்கையாளரை அங்கே கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் அங்கேயும் மாற்றிய பில்லை வைத்திருப்பவருக்குத்தான் வாதாட முடியும். நாம் அந்தச் சட்டத்தை நம்பி இருக்க முடியாது. நம் கையில் இருப்பது அந்தப் புத்தகத்தில் அச்சடித்திருக்கின்ற வரிகள். அங்கீகரித்த இடத்தில்தான் சேர்விஸ் என்று அதில் இருந்தால், வாரண்டிக் காலம் முடியும் வரை அங்கேதான் போக வேண்டும். தருமபுரத்தில் இருந்து கிளிநொச்சி டவுனுக்கு ஒரு நாள் ஹயர் போனாலும் போகட்டும். இடையில் நீங்களாக முன்கூட்டி ஒயில் மாற்றுவது எஞ்சினுக்கு நல்லது. அதை வெளியில் செய்யலாமா என்று ஏஜென்டிடம் கேட்டு, முடிந்தால் புத்தகத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எப்படி என்றாலும் புத்தகத்தில் சொன்ன சேர்விஸைக் குறித்த தூரத்துக்குள் செய்து முத்திரை வாங்குவது தவறக்கூடாது.

புத்தகம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆகவே வண்டி எடுக்கின்ற அன்றைக்கே, கையெழுத்து வைப்பதற்கு முன், வீட்டில் ஓஎல், ஏஎல் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப் போங்கள். வாரண்டி எந்த நாளில் இருந்து தொடங்குகின்றது, எத்தனை சேர்விஸ், எந்த எந்தக் கிலோமீற்றரில், எங்கே என்ற நான்கையும் தமிழில் ஒரு தாளில் எழுதி வண்டியிலேயே ஒட்டி வையுங்கள்.

ஒவ்வொரு தரமும் ஒயில் மாற்றியதும் பில் கேளுங்கள். பில்லில் திகதி, வண்டி இலக்கம், மீற்றர் காட்டுகின்ற கிலோமீற்றர், ஒயிலின் பெயரும் எண்ணும் அளவும் இருக்க வேண்டும். "ஒயில் சேஞ்ச்" என்று மட்டும் எழுதித் தருகின்ற சீட்டால் பிரயோசனம் குறைவு. மீற்றர் கேபிள் அறுந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். வன்னிக் கிரவல் ரோட்டில் அது அடிக்கடி அறுகின்றது, பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். மீற்றர் ஓடாத வண்டிக்கு எந்தக் கிலோமீற்றரில் சேர்விஸ் செய்தீர்கள் என்று நீங்கள் எதை வைத்துக் காட்டுவீர்கள்? சீல் உடைக்காத கேன் வாங்குங்கள், பரலில் இருந்து அளந்து ஊற்றுகின்ற லூஸ் ஒயில் வேண்டாம். ஊற்றி முடிந்ததும் வெறும் கேனில் ஆணியால் ஓட்டை போட்டு விடுங்கள். இல்லாவிட்டால் அதில் பழைய ஒயிலை ஊற்றி மூடித் திரும்ப விற்கின்ற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒயில் மாற்றுகின்ற நாளுக்கு இடையில் வாரம் ஒரு தரம் சமதரையில் வண்டியை வைத்து அளவு பாருங்கள். ஒரு லீற்றர் பிடிக்கின்ற எஞ்சினில் 200 மில்லிலீற்றர் குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போய் விட்டது என்று அர்த்தம். சீஸ் ஆன எஞ்சின்களைக் கழற்றியவர்களைக் கேட்டால், நாள் பிந்தி மாற்றியதை விடக் குறைந்து போனதைக் கவனிக்காமல் ஓட்டியதால் போனவை அதிகம் என்கிறார்கள்.

லாண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்களுக்கு

வயல் வைத்திருக்கின்ற நம் உறவுகளிடம் கைப்பிடி உழவு இயந்திரம் இருக்கின்றது. எந்தக் கம்பனியாக இருந்தாலும் ஊரில் அதற்கு லாண்ட்மாஸ்டர் என்றுதான் பெயர். உழுவது, சூடு மிதிப்பது, தண்ணீர் இறைப்பது, பெட்டி பூட்டிச் சாமான் ஏற்றுவது எல்லாம் அதுதான். இதற்குக் கிலோமீற்றர் இல்லை, மணித்தியாலம்தான் கணக்கு. சின்ன டீசல் எஞ்சின்களுக்கு 100 மணித்தியாலத்துக்கு ஒரு தரம் என்பது பல புத்தகங்களில் காணப்படுவது. புதிதாக இருக்கும்போது முதல் மாற்றம் அதற்கும் முந்தி வந்து விடும். பலவற்றில் மணி காட்டுகின்ற மீற்றர் இருப்பதில்லை. அதனால் டீசலை வைத்துக் கணக்கு எடுங்கள். ஒரு நாள் வேலையில் மணிக்கு எவ்வளவு குடிக்கின்றது என்று பாருங்கள். மணிக்கு ஒரு லீற்றர் என்றால், 100 லீற்றர் டீசல் முடிந்ததும் ஒயில் நாள். டீசல் வாங்கின சீட்டுகளைச் சேர்த்து வைத்தால் அதுவே மணித்தியாலக் கணக்குக்குச் சாட்சியும் ஆகும்.

இவற்றின் காற்று வடிகட்டி பலவற்றில் ஒயில் கிண்ணம்தான். ஆவணி, புரட்டாதித் தூசியிலும், சூடு மிதிக்கும்போது பறக்கின்ற பதரிலும் அந்தக் கிண்ணம் ஒரே நாளில் சேறாகி விடும். எஞ்சின் ஒயிலை நேரத்துக்கு மாற்றி விட்டு இந்தக் கிண்ணத்தை மறந்தால், தூசி நேராக சிலிண்டருக்குள் போய் அரம் மாதிரி அராவும்.

மறுத்தால் எங்கே போவது?

எல்லாம் சரியாக வைத்திருந்தும் ஏஜென்ட் மறுத்தால் முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வதை ஏற்றுக்கொண்டு திரும்பி வர வேண்டாம். வண்டியை வேறு கராஜில் கழற்றவும் வேண்டாம். கழற்றிய எஞ்சினைப் பற்றி யாரும் பேச வர மாட்டார்கள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்ற பொருள் கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்து வராவிட்டால் அந்த அதிகாரசபைக்கு எழுத்து மூலம் முறையிடலாம். கேட்கின்றவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கின்றது. ஆகவே பில் கேட்கும்போது கூச்சப்படத் தேவையில்லை. முறைப்பாட்டுக்குக் காலவரையறை உண்டு, அதனால் மாதக்கணக்கில் ஆறப்போட வேண்டாம். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. மாவட்டச் செயலகத்தில், அதாவது கச்சேரியில், நுகர்வோர் அலுவல்கள் அலுவலர் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் காட்டுவார்கள். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மூன்று இடத்திலும் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

போகும்போது வாரண்டிப் புத்தகம், எல்லா பில்களும், விற்ற நாளின் இன்வொய்ஸ், ஏஜென்ட் எழுதித் தந்த காரணம் ஆகியவற்றின் போட்டோக் கொப்பியைக் கொண்டு போங்கள். மூலப் பிரதியைக் காட்டி விட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள், யாரிடமும் விட்டு வர வேண்டாம். பில் மை சில மாதத்தில் மங்கி விடும் என்பதால் வாங்கின அன்றைக்கே ஒரு போட்டோ எடுத்து, தோட்டத்தில் இருக்கின்ற தாய் தகப்பன் போனுக்கும் அனுப்பி வைக்கச் சொல்லுங்கள்.